6 மீட்டரில் தலை சுத்துது, அடியில் ஒண்ணும் இல்லை: ஸ்கூபாவில் இது ஏன்?

பாறைமீன் (கேள்வி)

வணக்கம். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா ஆரம்பப் பயிற்சி) முடிச்சு மொத்தம் 6 டைவ் ஆச்சு. கடைசியா போன ரெண்டு நாளும் ஒரே தொந்தரவு. நீங்க கேக்கப்போற விவரத்தையெல்லாம் முதல்லயே போட்டுடறேன்.

ஆழம் 18 மீட்டர், அடியில் 35 நிமிஷம், தண்ணி 28 டிகிரி. பச்சைத் தண்ணி, 4 மீட்டருக்கு மேல எதுவும் தெரியல. இறங்கும்போது வலது காது உடனே திறக்குது, இடது காதுக்கு மட்டும் மூணு நாலு தடவை மூக்கைப் பிடிச்சு ஊதணும். அடியில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஏறும்போது 7 மீட்டர், 6 மீட்டர் வந்ததும் இடது காது உப்பின மாதிரி ஆகி, திடீர்னு எல்லாமே சுழல ஆரம்பிக்குது. எது மேல, எது கீழன்னே புரியல. 20, 30 வினாடி இருக்கும். அப்புறம் இடது காதுக்குள்ள புஸ்ஸுனு காத்து போற சத்தம், சுத்தல் நின்னுடுது. படகில் ஏறினப்புறம் காது நல்லா கேக்குது. வலி இல்லை, இரைச்சல் இல்லை.

என் கேள்விகள்: ஏன் ஏறும்போது மட்டும்? அந்த 30 வினாடியில் என்ன செய்யணும்? வெர்டின் மாத்திரை போட்டுட்டு இறங்கினா வராதுன்னு ஒருத்தர் சொல்றார், சரியா? நாளை மறுநாள் ரெண்டு டைவ் பதிவு பண்ணியிருக்கேன், போகலாமா?

நங்கூரம் (பதில்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நாளை மறுநாள் வேண்டாம். தேதியைத் தள்ளிப் போடுங்கள். காரணம் கீழே வருகிறது.

நீங்கள் எழுதியிருப்பது ஆல்டர்னோபேரிக் வெர்டிகோ என்பதன் அச்சு அசலான படம். 1965-லேயே லண்ட்கிரன் என்ற ஸ்வீடன் மருத்துவர் டைவர்களிடம் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் கொஞ்சம் காற்று இருக்கிறது. அதற்கு ஒரே வாசல், மூக்கின் பின்புறம் வந்து திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். இறங்கும்போது அந்த வாசலை நாம் முயற்சி செய்து திறக்க வேண்டும். ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, தானே தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். உங்கள் வலது காது சுலபமாகக் காற்றை விடுகிறது. இடது காது பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுமார் 60 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்த வேறுபாடு வந்தாலே சமநிலை உறுப்பு தூண்டப்பட்டுவிடும். அதாவது ஒரு முழத்தை விடக் கொஞ்சம் அதிகமான தண்ணீர், அவ்வளவுதான். தலை நிஜமாகவே சுழலும்போதும் இடது காதும் வலது காதும் வேறு வேறு செய்தியைத்தான் அனுப்பும். ஆகவே மூளை இந்த வேறுபாட்டையும் சுழற்சி என்றே எடுத்துக்கொள்கிறது.

ஏன் 6 மீட்டரில்? 18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8 பார், 12 மீட்டரில் 2.2. அந்த 6 மீட்டர் ஏறும்போது காற்று 1.27 மடங்குதான் விரிகிறது. 6 மீட்டரில் 1.6 பார், மேற்பரப்பில் 1. கடைசி 6 மீட்டரில் 1.6 மடங்கு. காதை விட்டு வெளியேற வேண்டிய காற்று மேலே வர வரத்தான் கூடுகிறது. அரைகுறையாகத் திறக்கும் குழாய் கீழே எப்படியோ சமாளித்துவிடும், இங்கே வந்துதான் திணறும்.

அந்த 30 வினாடியில் செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

ஏறுவதை நிறுத்துங்கள். முதல் வேலை எதையாவது பிடித்துக்கொள்வது. நங்கூரக் கயிறு இருந்தால் கயிறு, இல்லாவிட்டால் கூட வருபவரின் பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) தோள்பட்டை. கை ஒன்றைப் பிடித்திருந்தால் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்ற செய்தி மூளைக்குக் கிடைக்கும், சுழற்சி ஓரளவு குறையும். பிறகு அரை மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை கீழே இறங்குங்கள். இது பலருக்கும் தோன்றாத காரியம், தலை சுற்றும்போது மனசு மேலேதான் இழுக்கும். ஆனால் 1 மீட்டர் இறங்கினால் உப்பிய காது தளர்ந்துவிடும். அங்கேயே நின்று எச்சிலை விழுங்குங்கள், தாடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையுங்கள். அந்த புஸ் சத்தம் வரும். வந்த பிறகு நிமிடத்துக்கு 3 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுங்கள்.

இரண்டு காரியம் செய்யவே கூடாது. ஒன்று, ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதுவது. ஏற்கெனவே அதிகக் காற்று அடைந்த காதுக்குள் இன்னும் காற்றைத் திணிக்கிறீர்கள். வேண்டுமானால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கலாம், அது அழுத்தத்தைக் குறைக்கும் பக்கம் வேலை செய்யும். இரண்டாவது, பிசிடியின் காற்று ஏற்றும் பொத்தானில் கை வைப்பது. தலைசுற்றல் யாரையும் கொல்வதில்லை. சுற்றும்போது பதறிக் காற்றை ஏற்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, 6 மீட்டரிலிருந்து ஒரே பாய்ச்சலாக மேலே போவதுதான் நுரையீரலைக் கிழிக்கும். உங்கள் இடது கட்டைவிரலுக்கு இதைக் கரையில் வைத்தே பழக்குங்கள்: சுற்றினால் ஹோஸைக் கீழே விட்டுவிட வேண்டும்.

இறங்கும் முறையையும் மாற்ற வேண்டும். மூணு நாலு தடவை ஊத வேண்டியிருக்கிறது என்றால் தாமதமாக ஆரம்பிக்கிறீர்கள் என்று பொருள். தண்ணீருக்கு மேலேயே ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை, அழுத்தம் தெரியும் முன்பே. கால் கீழே, தலை மேலே. பலமாக ஊதாமல், மூக்கைப் பிடித்து, 'க்' என்று சொல்லப்போவது போல நாக்கின் பின்பகுதியை மேலே தள்ளுங்கள். வயிறோ நெஞ்சோ அசையக் கூடாது, தொண்டைக்குழி மட்டும் எழும்பி இறங்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்துப் பழகலாம். திறக்காத காதை மேல்பக்கமாகச் சாய்த்துச் செய்தால் சிலருக்கு உடனே வழிவிடும். அப்படியும் திறக்கவில்லை என்றால் 1 மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி. மூன்று முயற்சியில் திறக்காவிட்டால் அன்றைக்கு டைவ் கிடையாது.

செவிப்பறை (பதில்)

காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்ப்பவன். நங்கூரம் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகிறேன், ஏனென்றால் சிகிச்சையே அதில்தான் பிரிகிறது.

நாம் 'மயக்கமா வருது' என்ற ஒரே வார்த்தையில் மூன்றைச் சொல்கிறோம். சுற்றி இருப்பதெல்லாம் சுழல்வது ஒன்று. கண் இருட்டி விழப்போவது போல் இருப்பது இன்னொன்று. குமட்டலோடு தள்ளாடுவது மூன்றாவது. வீட்டில் மூன்றுக்கும் 'பித்தம்' என்று எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவோம். டைவிங்கில் முதலாவது வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் காதுதான் காரணம். இரண்டாவது வந்தால் வெயில், தண்ணீர் குடிக்காதது, வெறும் வயிறு, மூச்சை மிச்சம் பிடிப்பதால் கரியமில வாயு தேங்குவது, சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே கம்ப்ரெஸரில் நிரப்பிய சிலிண்டர்களை எடுத்துச் சென்ற இரண்டு பேருக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் அந்தக் காற்றை வேறு யாரும் சுவாசிக்கக் கூடாது. கம்ப்ரெஸர் காற்று இழுக்கும் வாய்க்கு அருகில் என்ஜின் புகைபோக்கி இருந்தால் இது நடக்கும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்துச் சென்றவருக்கு அனுமதித்த ஆழத்தைத் தாண்டியபின் கிறுகிறுப்பு, உதடு துடிப்பு, காதில் ரீங்காரம் வந்தால் அது ஆக்சிஜன் நச்சாக இருக்கலாம். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு, ஆக்சிஜன் அழுத்தத்தின் 1.4 பார் எல்லை 33 மீட்டரில் வந்துவிடும். உடனே ஆழம் குறைக்க வேண்டும்.

சுழற்சி என்றால், அது எப்போது தொடங்கியது என்பதுதான் என் முதல் கேள்வி.

இறங்கும்போது, வலி ஏறிக்கொண்டே போய், திடீரென்று வலி விட்டு, காதுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கி, உடனே கடுமையாகச் சுற்றினால் செவிப்பறை கிழிந்திருக்கிறது. கடல்நீர் நடுக்காதுக்குள் போய் ஒரு பக்கச் சமநிலை உறுப்பை மட்டும் குளிரவைக்கிறது. அந்தத் தண்ணீர் உடல் வெப்பத்துக்கு வந்ததும், பெரும்பாலும் ஒரு நிமிடம் போல, சுற்றல் அடங்கும். 'நம்ம கடல் வெதுவெதுப்புதானே' என்று நினைக்க வேண்டாம். கிளினிக்கில் சமநிலை உறுப்பைச் சோதிக்க நாங்கள் காதில் விடும் 'குளிர்ந்த' நீரே 30 டிகிரிதான். உடம்பு 37. உங்கள் 28 டிகிரி கடல் அதைவிடக் குளிர்ச்சி. செவிப்பறை கிழியாமலேயே, ஒரு காதில் மெழுகு அடைத்து மறு காதில் மட்டும் தண்ணீர் புகுந்தாலும் லேசாகச் சுற்றும். தலையை மூடும் ஹூட் போட்டிருந்தால் இறங்கும் முன் இரண்டு காது ஓரத்திலும் விரலை விட்டுத் தண்ணீர் புகவிடுங்கள். காதடைப்பான் வைத்துக்கொண்டு டைவ் செய்யவே கூடாது.

கிழிந்த காதில் எதையும் ஊற்றாதீர்கள். சூடுபண்ணிய நல்லெண்ணெய் வேண்டாம், பூண்டுத் தைலம் வேண்டாம், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் கிழிசல் வழியே உள்காதைச் சேதப்படுத்தக்கூடியவை. காதை உலர்வாக வைத்துக்கொண்டு வாருங்கள். சிறு கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக மூடிவிடும், மூடியதை மருத்துவர் கண்ணால் பார்த்த பிறகே தண்ணீர்.

மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதியபின் சுற்றல் வந்து, கூடவே கேட்கும் திறன் குறைந்து, இரைச்சலும் இருந்தால் உள்காதின் வட்டச் சாளரச் சவ்வு கிழிந்திருக்கலாம். முக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, எடை தூக்கக் கூடாது, தலையணை உயர்த்திப் படுக்க வேண்டும். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, கேட்பளவுச் சோதனை செய்யக்கூடிய இடத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்தால் இழந்த கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

ஏறும்போது மட்டும் வந்து, நிமிடங்களுக்குள் நின்று, வேறு எதுவும் மிச்சமில்லை என்றால் உங்களுடையது.

படகில் ஏறிய பிறகு வருவது நான்காவது, நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இறங்கும்போதும் ஏறும்போதும் காது நன்றாகவே இருந்தது, டைவ் ஆழமாகவோ நீளமாகவோ இருந்தது, வெளியே வந்து சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் சுற்றத் தொடங்கி, நிற்கவே முடியாமல் வாந்தி. இது உள்காதைத் தாக்கிய டிகம்ப்ரஷன் நோய், அதாவது உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழியாக மாறுவது. படகில் எல்லோரும் 'கடல் ஒத்துக்கல' என்று சொல்லி ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். கடல் குமட்டல் கரைக்கு வந்தால் தணியும், இது தணியாது. கண்ணைப் பாருங்கள்: கருவிழி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே இருந்தால் அது சாதாரணக் குமட்டல் இல்லை. படுக்க வைத்து, வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இறுக்கமான முகமூடி வழியே 100 சதவீத ஆக்சிஜன் நிமிடத்துக்கு 15 லிட்டர். சுற்றல் நின்றாலும் ஆக்சிஜனை நிறுத்தாமல் அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமான சிகிச்சை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 பார் அழுத்தத்தில் தொடங்குகிறது. நீரிழிவுப் புண் ஆற்ற வைத்திருக்கும் ஆக்சிஜன் அறைகள் எல்லாம் டைவருக்கு ஏற்றவை அல்ல. எந்த அறை டைவரை ஏற்கும் என்பதைப் பதிவு செய்யும்போதே டைவ் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டான் எனப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணையும் போனில் வைத்திருங்கள்.

இந்த உள்காது நோய் வந்தவர்களில் நிறையப் பேருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியில் மூட வேண்டிய துளை மூடாமல் இருப்பதைப் பார்க்கிறோம். மக்களில் நான்கில் ஒருவருக்கு அந்தத் துளை உண்டு, ஆகவே இருப்பதே நோய் இல்லை. ஆனால் நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் அதன் வழியே தமனிப் பக்கம் தாண்டிவிடுகின்றன. உள்காது தன்னிடம் தேங்கிய நைட்ரஜனை மெதுவாகத்தான் விடும், வந்த குமிழி அங்கே பெருக்கிறது.

வெர்டின் பற்றி: வேண்டாம். காற்று அடைத்துக்கொண்ட காதை அதில் உள்ள பீட்டாஹிஸ்டின் திறக்காது. மெனியர் என்ற உள்காது நோய்க்காக அதைச் சாப்பிடுபவராக இருந்தால் டைவிங்கே கூடாது.

பாறைமீன்

ரெண்டு பேருக்கும் நன்றி. நாளை மறுநாள் ரத்து பண்ணிட்டேன்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. டைவுக்கு 10 நாள் முன்னாடி சளி இருந்தது. மூக்கு முழுசா திறக்காததால் காலையில் 6 மணிக்கு ஓட்ரிவின் விட்டுட்டுத்தான் போனேன், ரெண்டு நாளும். ரெண்டு தடவையும் சுத்தினது அன்னைக்கு ரெண்டாவது டைவில், பதினொண்ணரைக்கு மேல. முதல் டைவில் ஏறும்போது ஒண்ணும் ஆகல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இன்னொண்ணு, பச்சைத் தண்ணியில் கயிறு இல்லாம இறங்கும்போதும் லேசா ஒரு தள்ளாட்டம் வருது. அது காதில் இல்லைன்னு நினைக்கிறேன். தரை கண்ணுக்குத் தெரிஞ்சதும் போயிடுது.

செவிப்பறை

சம்பந்தம் இருக்கிறது, நேரடியான சம்பந்தம். ஓட்ரிவினில் உள்ள சைலோமெட்டாசோலின் குழாயின் வாயில் உள்ள வீக்கத்தைச் சுருக்கி இறங்க வழிசெய்கிறது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் அடியில் இருக்கும்போது அதன் வேகம் குறைந்தால் வீக்கம் திரும்புகிறது. இறங்க விட்ட கதவு ஏறும்போது மூடிக்கொள்கிறது. இறங்க முடியாத காது உங்களைக் கரையில் நிறுத்தும், அதில் ஆபத்து இல்லை. ஏற முடியாத காதுக்குக் காத்திருக்க சிலிண்டரில் காற்று வேண்டும். மருந்து விட்டால்தான் காது திறக்கிறது என்ற நாளில் டைவ் செய்யாதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். அதைத் தொடர்ந்து ஒரு வாரம் விட்டால் நிறுத்தும்போது மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

உங்களுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு என்று ஒவ்வாமை இருந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மருத்துவர் ஆலோசனையோடு 2 வாரம் முன்பே தொடங்கலாம். அது டைவ் காலையில் விட்டுக்கொள்ளும் மருந்து இல்லை, பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். சளி முற்றும் போய், கரையில் இரண்டு காதும் ஒரே நேரத்தில், ஒரே முயற்சியில் திறந்தால் திரும்பிப் போகலாம். அதற்குள் ஒரு தடவை காதைக் காட்டுங்கள். நீங்கள் மூக்கைப் பிடித்து விழுங்கும்போது செவிப்பறை இரண்டு பக்கமும் சமமாக அசைகிறதா என்று பார்ப்பார்கள், டிம்பனோமெட்ரி (செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை) செய்வார்கள். ஒரு கேட்பளவு வரைபடமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

நிலாவெளி (பதில்)

திருகோணமலையிலயிருந்து எழுதுறன். ரெண்டாவதா கேட்ட தள்ளாட்டத்தைப் பற்றிச் சொல்றன், காதைப் பற்றி டொக்டர் வடிவாச் சொல்லிப்போட்டார்.

மனுசருக்குச் சமநிலை மூண்டு வழியால வருது: கண், உள்காது, காலிலயும் மூட்டிலயும் விழுற பாரம். தண்ணிக்குள்ள பாரம் இல்லை, அப்ப மூண்டாவது போச்சு. பச்சைத் தண்ணியில கண்ணுக்குப் பிடிக்க ஒரு கோடும் இல்லை, முதலாவதும் போச்சு. மிச்சம் காது மட்டும்தான். காது சின்னப் பிழை விட்டாலும் அதைத் திருத்த ஒருத்தரும் இல்லை. அதுதான் தரை தெரிஞ்ச உடன உங்களுக்குச் சரியாகுது. உங்கட ரெண்டு பிரச்சினையும் ஒண்டையொண்டு கூட்டும் எண்டதையும் கவனியுங்கோ. தெளிஞ்ச தண்ணியில வந்திருந்தா அந்த 30 வினாடிச் சுத்தல் இவ்வளவு மோசமா இருந்திருக்காது.

புதுச் சுழியோடிக்குக் கலங்கல் தண்ணியில கயிறு இல்லாமல் இறங்கவே தேவையில்லை. கேட்டு வாங்குங்கோ, வெக்கப்பட ஒண்டும் இல்லை. கயிறை ஒரு கையால வளைச்சுப் பிடிச்சு, கால் கீழ, மற்றக் கை மூக்கில. கயிறு இல்லையெண்டா கூட வாறவரும் நீங்களும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, ஆளுக்காள் தோள்பட்டை வாரைப் பிடிச்சபடி இறங்குங்கோ. பார்வையைத் தூர வெறுமையில விடாதேங்கோ, அதுதான் தலையைக் கிறுக்குறது. ஒரு கை நீளத்துக்குள்ள ஒண்டைப் பாருங்கோ: ஆழமானி, கூட வாறவரின்ர கண், உங்கட கையுறை.

எது மேல எண்டு குழம்பினா மூண்டு சாட்சி இருக்கு. குமிழி எந்தப் பக்கம் போகுதோ அது மேல. முகக்கண்ணாடிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி விட்டா அது தேங்குற பக்கம் கீழ. கொழுவியிருக்கிற ஆழமானியையோ மாற்று ரெகுலேட்டரையோ (மூச்சு இழுக்கிற வாய்க்கருவி) கழட்டிவிட்டா அது தொங்குற பக்கமும் கீழ. டைவ் கம்ப்யூட்டர் இலக்கம் பொய் சொல்லாது, ஆனா கடுமையாச் சுத்தேக்க கண் துடிக்கிறதால இலக்கம் வாசிக்க ஏலாது. அந்த நேரம் வாசிக்கிறது கூட வாறவரின்ர வேலை. அதனால சைகையைக் கரையிலயே பேசி வையுங்கோ: உள்ளங்கையை விரிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டி 'சரியில்லை', பிறகு சுட்டுவிரலால காதுக்குப் பக்கத்தில வட்டம். அதைப் பார்த்த உடன அவர் உங்கட வாரைப் பிடிச்சு, உங்கட காற்றுவிடும் வால்வைத் தன்ர கையில எடுத்து, ஏற்ற இறக்கத்தைத் தான் நடத்தோணும். நீங்கள் மூச்சு மட்டும் விட்டால் போதும்.

சத்தி (வாந்தி) வந்தா ரெகுலேட்டரைக் கழட்டாதேங்கோ. ஒரு கையால வாயோட அழுத்திப் பிடிச்சுக்கொண்டு அதுக்குள்ளயே எடுங்கோ, உடன முன்பொத்தானை அழுத்தித் துப்புரவாக்குங்கோ. சத்தி எடுத்த கையோட உடம்பு தானா ஒரு பெரிய மூச்சு இழுக்கும், வாய் வெறுமையா இருந்தா தண்ணிதான் உள்ள போகும். சோத்துப் பருக்கை சவ்வில சிக்கி, மூச்சோட தண்ணியும் வந்தா மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கோ.

படகுக் குமட்டலுக்குக் குளிசை போடுறவை கனபேர். ப்ரோமெத்தசின் வகை, உங்கட பக்கம் அவோமின், நல்லா நித்திரை கொள்ள வைக்கும். 30 மீட்டருக்குப் போனா நைட்ரஜன் மயக்கத்தோட அதுவும் சேரும். எந்தக் குளிசையெண்டாலும் முதல் தடவை கடலுக்குப் போகாத ஒரு நாளில போட்டுப் பாருங்கோ. குளிசையை விடப் பிரயோசனம், உடுப்பு மாட்டினவுடன கெதியாத் தண்ணிக்குள்ள இறங்குறது. 5 மீட்டருக்குக் கீழ அலையின்ர ஆட்டம் குறைஞ்சிடும். தோசை, இடியப்பம் மாதிரி லேசாச் சாப்பிட்டிட்டு வாங்கோ, வெறும் வயித்தோட வர வேண்டாம்.

ஒண்டு கூட. மட்டக்களப்புக்கு வெளியால 1942 ஏப்ரல் 9-ல மூழ்கின ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழ கிடக்கு. அதைப் பார்க்க எண்டு பயிற்சி குறைஞ்ச ஆக்களும் ஆசைப்படுகினம். டொக்டர் சொன்ன அந்த நாலாவது வகை இப்பிடியான ஆழத்திலதான் கூட வரும். ஹீலியம் கலந்த காற்றில போறவை ஏறேக்க ஆழத்திலயே நைட்ரஜன் கூடின காற்றுக்கு மாறினா, ஏறாமல் நிண்ட இடத்திலயே உள்காதுக்குள்ள குமிழி வரலாம். 18 மீட்டர் டைவிலயே காது ஒத்துழைக்காத ஆள் அந்தப் பக்கம் இப்ப யோசிக்கவே வேண்டாம்.

பாறைமீன்

அந்த மூணு சாட்சி ரொம்ப உதவி. கடைசியா ஒண்ணு: 1 மீட்டர் இறங்கிக் காத்திருக்கணும்னு நங்கூரம் அண்ணன் சொன்னார். போன தடவை 6 மீட்டரில் எனக்கு சிலிண்டரில் 50 பார்தான் மிச்சம். காத்து தீர்ந்துடுமோன்னு பயந்துதான் மேல போகப் பார்த்தேன். எவ்வளவு தேவைப்படும்?

நங்கூரம்

சரியான கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர். அமைதியாக இருக்கும் புது டைவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பார் என்று வையுங்கள். 6 மீட்டரில் 1.6 மடங்கு, 32 லிட்டர். தலை சுற்றிப் பதறும்போது இரட்டிப்பு, 64 லிட்டர். 5 நிமிடம் காத்திருந்தால் 320 லிட்டர், சிலிண்டரில் சுமார் 29 பார். அதற்குப் பிறகு 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம், அதே பதற்றத்தோடு என்றாலும் 180 லிட்டர், 16 பார். மெதுவாக ஏறும் கடைசி 2 நிமிடத்துக்கு 10 பார். மொத்தம் 55.

ஆக 6 மீட்டரில் 50 பாரோடு நின்றால் காது அடம்பிடிக்கும் நாளில் பற்றாது, உங்கள் பயம் நியாயமானதுதான். காது முழுசாகச் சரியாகும்வரை அடியிலிருந்து கிளம்பும்போதே 90 பார் இருக்கட்டும், 6 மீட்டருக்கு வரும்போது 75-க்குக் குறையாது. இறங்கும் முன் அந்த எண்ணைக் கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள். டைவ் 8, 10 நிமிடம் குறையும், பரவாயில்லை. திரும்பிப் போகும் முதல் டைவை 8 மீட்டருக்கு மேல் போகாத இடத்தில், கயிறோடு, அன்றைக்கு ஒரே ஒரு டைவாக வையுங்கள். ஏறும்போது 3 மீட்டர், 2 மீட்டர், 1 மீட்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று, இரண்டு காதிலும் புஸ் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தால் அடுத்த வாரம் 12 மீட்டருக்குப் போகலாம்.